புது சிஸ்டத்தில் டிஸ்ப்ளே தகராறு: எந்த அறிகுறிக்கு எங்கே கை வைப்பது

"அசெம்பிள் பண்ணி ஒரு வாரம்கூட ஆகலைண்ணா, கிராஃபிக்ஸ் கார்டு போயிடுச்சு." என் மேசைக்கு வரும் கேபினட்டுகளில் பெரும்பாலானவை இந்த வாக்கியத்தோடுதான் வருகின்றன. கார்டைக் கழற்றி என் சிஸ்டத்தில் போட்டுப் பார்த்தால் அது நன்றாகவே ஓடும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அந்தக் கதைதான். கோளாறு தெரிவது திரையில். இருப்பது ராமில், எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளையில், சில சமயம் ப்ராசஸரில், பல சமயம் சரியாகச் சொருகாத ஒரு கேபிளில்.

அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத சோதனையை முதலிலும், பொருளை மாற்ற வேண்டிய நிலையைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். உங்கள் அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே போய்விடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், இன்னொரு டிஸ்ப்ளே கேபிள், 8 ஜிபி பென் டிரைவ், ஒரு நோட்டு. நோட்டை விட்டுவிடாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, செய்ததை எழுதி, அப்புறம் ஆன் செய்து பாருங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிச் சரியாகிவிட்டால், எது சரிசெய்தது என்றே தெரியாது. அடுத்த வாரம் அதே கோளாறு திரும்ப வரும்போது மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

உள்ளே கை விடும் முன் ஒவ்வொரு முறையும் எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க ஸ்விட்சை அணைத்து, பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும்.

## ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, டிஸ்ப்ளே மட்டும் வரவில்லை

### முதலில் கேபினட்டின் பின்பக்கம் போங்கள்

யுஎஸ்பி போர்ட்டுகளுக்குப் பக்கத்தில் மேலே இருக்கும் எச்டிஎம்ஐ, மதர்போர்டுடையது. கீழே, படுக்கைவாட்டில் வரிசையாக இருப்பவை கிராஃபிக்ஸ் கார்டுடையவை. மானிட்டர் கேபிள் கீழே உள்ளதில்தான் இருக்க வேண்டும். இன்டெல்லில் 12400எஃப் போல 'எஃப்' போட்ட ப்ராசஸர்களிலும், ரைசன் 5 5600 போன்றவற்றிலும் உள்கிராஃபிக்ஸ் கிடையாது. அவற்றில் மேல் போர்ட்டில் சொருகினால் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் படம் வராது.

கேபிள் சரியாக இருந்தால் மானிட்டரின் மெனுவில் இன்புட் எது என்று பாருங்கள். கேபிள் டிஸ்ப்ளே போர்ட்டில் இருக்கும், மானிட்டர் எச்டிஎம்ஐயைத் தேடிக்கொண்டிருக்கும்.

### டிடிஆர்5 ராமா? பொறுங்கள்

ரைசன் 7000, 9000 வரிசைகளுக்கான ஏஎம்5 போர்டுகளில் முதல் முறை ஆன் செய்யும்போது போர்டு ராமைப் பழக்கிக்கொள்ளும். இதற்குச் சில நிமிடங்கள் ஆகலாம். அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். முப்பது விநாடியில் பயந்து அணைத்துவிட்டால் அடுத்த முறை அந்த வேலை முதலில் இருந்து தொடங்கும். இப்படி இரவெல்லாம் ஆன் செய்து ஆஃப் செய்து, காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. மேசையில் வைத்து ஆன் செய்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்போம், தானாகவே டிஸ்ப்ளே வந்துவிடும். முழுதாகப் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். பயாஸை (போர்டில் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) அப்டேட் செய்தாலும், அதன் செட்டிங்கைக் காக்கும் சீமாஸ் பேட்டரியைக் கழற்றினாலும் இதே காத்திருப்பு மறுபடி வரும்.

### பத்து நிமிடம் ஆகியும் இல்லையா? போர்டில் எந்த லைட் எரிகிறது?

இப்போதைய பல போர்டுகளில் வலது ஓரத்தில் கடுகளவு நான்கு லைட்டுகள் இருக்கும். பக்கத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். போனில் டார்ச் போட்டுப் படியுங்கள். எது எரிந்து அணையாமல் நிற்கிறதோ, போர்டு அங்கேதான் சிக்கியிருக்கிறது.

சிபியு லைட். போர்டின் மேல் இடது மூலையில், கூலருக்கும் பின்பக்க ஃபேனுக்கும் நடுவில் ஒரு 8 பின் சாக்கெட் ஒளிந்திருக்கும். ப்ராசஸருக்கான மின்சாரம் அதன் வழியாகத்தான் போகிறது. புதிதாக அசெம்பிள் செய்பவர்கள் அதிகம் மறப்பது இதைத்தான். அதில் சொருக வேண்டியது நான்கும் நான்குமாகப் பிரியும் கேபிள். கிராஃபிக்ஸ் கார்டு கேபிள் ஆறும் இரண்டுமாகப் பிரியும். பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே மின்சாரம் வரும் பின்கள் தலைகீழ். கனெக்டரில் எழுதியிருப்பதைப் படித்துச் சொருகுங்கள். நுழையவில்லை என்றால் அழுத்தாதீர்கள், அது வேறு கேபிள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கேபிளைத் தனியே கழற்றி மாட்டும் மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸில் பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை எடுத்துப் போடவே கூடாது. கார்டு பக்கத்து முனை எல்லாவற்றிலும் ஒன்றுதான், எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எஸ்எஸ்டியோ கார்டோ அந்த நொடியே போய்விடும்.

பவர் சரி என்றால் ப்ராசஸருக்கு ஏற்ற பயாஸ் போர்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பி660 போர்டு வாங்கி 13ஆம் தலைமுறை ப்ராசஸரைப் போட்டால், போர்டு பழைய ஸ்டாக்காக இருக்கும்பட்சத்தில் அதற்கு ப்ராசஸரே தெரியாது. பின்பக்கம் பயாஸ் ஃப்ளாஷ் பட்டன் இருந்தால் ப்ராசஸர் இல்லாமலேயே பென் டிரைவ் வைத்து அப்டேட் செய்துவிடலாம்.

டிராம் லைட். இரண்டு ராம் என்றால் ப்ராசஸரில் இருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது சாக்கெட்டுகளில் போட வேண்டும். ஏ2, பி2 என்று எழுதியிருக்கும். இரு முனையிலும் கட்டைவிரலை வைத்து, பூட்டு 'டக்' என்று விழும்வரை அழுத்துங்கள். ஒரு முனை மட்டும் அரை மில்லிமீட்டர் தூக்கி நிற்பது மேலிருந்து பார்த்தால் தெரியாது, பக்கவாட்டில் குனிந்து பார்க்க வேண்டும். அப்புறமும் லைட் அணையாவிட்டால் ஒரே ஒரு ராமை ஏ2வில் போட்டுப் பாருங்கள், பிறகு அடுத்ததை. ராமின் தங்க முனையை ரப்பர் போட்டுத் தேய்ப்பது பழைய சிஸ்டத்துக்கான வைத்தியம். புது ராமுக்கு அது தேவையில்லை.

விஜிஏ லைட். கார்டைக் கழற்றி மறுபடி உட்கார வையுங்கள். கேபினட்டின் தகடு சற்று வளைந்திருந்தால் திருகை இறுக்கும்போதே கார்டின் மறுமுனை சாக்கெட்டில் இருந்து எழும்பிவிடும். முதலில் கார்டு, பூட்டு விழுந்ததை உறுதி செய்துவிட்டுத் திருகு. கார்டில் எத்தனை பவர் சாக்கெட் உண்டோ அத்தனையிலும் கேபிள் இருக்க வேண்டும். செங்குத்தாக வைக்க ரைசர் கேபிள் போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு நேராகப் போர்டில் சொருகிப் பாருங்கள்.

பூட் லைட். எஸ்எஸ்டியில் விண்டோஸ் இல்லை, அல்லது எஸ்எஸ்டியே தெரியவில்லை என்று பொருள். கார்டு தன் வேலையைச் செய்துவிட்டது. அப்போதும் திரை இருட்டு என்றால் சந்தேகம் கேபிள் மேலும் மானிட்டர் மேலும்தான்.

### இதுவரை எதுவும் பலிக்கவில்லையா?

எஸ்எம்பிஎஸ்ஸை அணைத்து, நாணயம் போன்ற பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். பயாஸ் செட்டிங் எல்லாம் பழைய நிலைக்குப் போய்விடும்.

அதற்கும் மசியாவிட்டால் போர்டை வெளியே எடுத்து அதன் அட்டைப்பெட்டி மேல் வைத்து, ப்ராசஸர், கூலர், ஒரு ராம், கார்டு, எஸ்எம்பிஎஸ் மட்டும் வைத்து ஓட்டுங்கள். டிஸ்ப்ளே வர எஸ்எஸ்டி தேவையில்லை. வெளியே ஓடி, கேபினட்டுக்குள் ஓடவில்லை என்றால் போர்டின் முதுகில் ஏதோ உரசுகிறது. ஒரு பையனின் சிஸ்டத்தில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு அரை நாள் ஆனது. போர்டில் ஓட்டையே இல்லாத இடத்தில் கேபினட்டில் ஒரு பித்தளைக் குமிழ் திருகியிருந்தது. அதன் தலை பட்ட தடம் போர்டின் பின்னால் ஒரு சின்னக் கீறலாகத் தெரிந்தது. குமிழைக் கழற்றியதும் ஓடிவிட்டது.

எங்கே நிறுத்த வேண்டும்: வெளியே வைத்தும் ஓடவில்லை என்றால் இனி பொருளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் வழி. அதற்கு உதிரி பாகங்கள் உள்ள கடை வேண்டும். சாக்கெட்டில் பின் வளைந்திருப்பது கண்ணில் பட்டாலும் அங்கேயே நிறுத்துங்கள். ஊசியை வைத்து நிமிர்த்தப் பார்த்து முறித்துவிட்டால் போர்டின் வாரண்டி போய்விடும்.

## பயாஸ் வருகிறது, விண்டோஸ் லோகோ வந்ததும் திரை கறுத்துவிடுகிறது

லோகோவரை பொதுவான டிஸ்ப்ளே முறையில் ஓடும். அதன் பிறகுதான் டிரைவர் பொறுப்பேற்கிறது. சரியாக அந்த இடத்தில் கறுக்கிறது என்றால் டிரைவர்மேல் சந்தேகப்படலாம். ஆனால் அதற்கு முன் இரண்டு எளிய சோதனைகள் உண்டு. வேறு போர்ட்டில் வேறு கேபிள் சொருகிப் பாருங்கள். அப்புறம் கீபோர்டில் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். ஒரு 'பீப்' கேட்டுத் திரை திரும்பினால் சிஸ்டம் உயிரோடுதான் இருக்கிறது, டிரைவர்தான் தடுக்கி விழுந்திருக்கிறது.

### சேஃப் மோடில் படம் வருகிறதா?

லோகோ வரும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் விண்டோஸ் தானே ரிப்பேர் திரைக்குப் போகும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் ரீஸ்டார்ட் கொடுத்து, 4ஐ அழுத்துங்கள். குறைந்தபட்ச டிரைவர்களோடு ஓடும் சேஃப் மோடில் விண்டோஸ் திறக்கும்.

வருகிறது என்றால் டிரைவரைத் துடைத்துப் போட வேண்டும். டிடியு என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் இதற்கான இலவசக் கருவி. வரிசை முக்கியம். கார்டு கம்பெனியின் தளத்தில் இருந்து சரியான டிரைவரையும் டிடியுவையும் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். சேஃப் மோடில் டிடியுவை ஓட்டி 'கிளீன் அண்டு ரீஸ்டார்ட்' கொடுங்கள். சாதாரணமாக விண்டோஸுக்குள் வந்து டிரைவரைப் போட்டு, இன்னொரு முறை ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் நெட். நெட்டைப் பிடுங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: டிரைவர் இல்லாத கார்டைக் கண்டதும் விண்டோஸ் அப்டேட் தன்னிடம் உள்ள டிரைவரை இடையில் ஏற்றிவிடும். நீங்கள் ஒன்றை நிறுவ, அது ஒன்றை நிறுவ, இரண்டும் பாதியில் நிற்கும்.

வருகிறது, டிரைவரைத் துடைத்துப் போட்டும் அதே நிலை என்றால் பயாஸில் கிராஃபிக்ஸ் ஸ்லாட்டின் வேகத்தை ஆட்டோவில் இருந்து ஜென் 3க்கு மாற்றுங்கள். ஜென் 4 கார்டை ஜென் 3 ரைசர் கேபிளில் மாட்டியிருந்தால் இதில் சரியாகிவிடும். ரைசர் இல்லாமலே இந்த மாற்றத்தால்தான் ஓடுகிறது என்றால் ஸ்லாட்டிலோ கார்டிலோ குறை உண்டு, வாரண்டியில் கொடுங்கள்.

சேஃப் மோடிலும் கறுப்பு என்றால் டிரைவரை விட்டுவிட்டு முதல் தலைப்பின் விஜிஏ லைட் பகுதிக்குப் போங்கள்.

## டிரைவர் ஏற மறுக்கிறது

டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் வரியைப் பாருங்கள்.

கார்டின் பெயரே இல்லை, உள்கிராஃபிக்ஸ் மட்டும் தெரிகிறது: கார்டு சரியாக உட்காரவில்லை அல்லது பவர் போகவில்லை. எத்தனை டிரைவர் இறக்கினாலும் பலனில்லை.

மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்: கார்டு தெரிகிறது, டிரைவர் இல்லை. டவுன்லோட் செய்தது உங்கள் மாடலுக்கானதுதானா என்று பாருங்கள். புது சிஸ்டத்தில் பழைய கார்டைப் போட்டவர்கள் இங்கே கவனியுங்கள். என்விடியா ஜிடிஎக்ஸ் 900, 10 வரிசைகளுக்கு 580 வரிசை டிரைவரே கடைசி. 590 வரிசையையோ அதற்கு மேற்பட்டதையோ இறக்கினால் 'பொருத்தமான ஹார்டுவேர் இல்லை' என்று சொல்லிவிடும்.

மஞ்சள் முக்கோணம், கோட் 43: டிடியு போட்டுத் துடைத்து மறுபடி ஏற்றுங்கள். திரும்ப வந்தால், கார்டு புதிதா, செகண்ட் ஹேண்டா? செகண்ட் ஹேண்ட் என்றால் ஜிபியு-இசட் என்ற சின்ன இலவச மென்பொருளைத் திறந்து பாருங்கள். பழைய சிப்பில் பயாஸை மாற்றி எழுதிப் புது மாடல் பெயரில் விற்ற என்விடியா கார்டாக இருந்தால் பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்றே காட்டும். கிரிப்டோ மைனிங்கில் ஓடிய ரேடியான் கார்டுகளில் பயாஸை மாற்றியிருப்பார்கள், அதனாலும் டிரைவர் மறுக்கும். சில கார்டுகளின் மேல் விளிம்பில் ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும். சிஸ்டத்தை அணைத்து அதை மறுபக்கம் தள்ளினால் இரண்டாவது பயாஸில் ஓடும். அது ஒரிஜினலாக இருந்தால் தப்பித்தீர்கள். புதுக் கார்டில் கோட் 43 வந்தால் விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

### இன்ஸ்டாலர் விரியும்போதே பிழை சொல்கிறதா?

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. டிரைவர் ஃபைல் ஒரு பெரிய ஜிப் போன்றது. அதை விரிப்பது ப்ராசஸரின் வேலை, விரித்து வைப்பது ராமில். ஒரு முறை டவுன்லோட் கெட்டுப்போயிருக்கலாம். மறுபடி இறக்கியும் விரியும்போதே நிற்கிறது, ஒவ்வொரு முறை ஒவ்வோர் இடத்தில் நிற்கிறது என்றால், அங்கே கார்டுக்கு வேலையே இல்லை. முதலில் பயாஸில், ராமை அதிக வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை அணைத்துவிட்டு முயலுங்கள்.

ப்ராசஸர் இன்டெல் 13 அல்லது 14ஆம் தலைமுறையில் 13600கே, 14600கே முதல் ஐ9 வரை ஒன்றா? அப்படியானால் இங்கே நின்று நிதானமாகப் பாருங்கள். தேவைக்கு மேல் வோல்ட்டேஜ் வாங்கி அந்த ப்ராசஸர்கள் நாளடைவில் தேய்ந்துபோவதை இன்டெல்லே 2024இல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்ற மைக்ரோகோடுகளை (பயாஸ் வழியாக ப்ராசஸருக்குப் போகும் திருத்தங்கள்) கொடுத்தது. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியை 2 ஆண்டு நீட்டித்தது. இதில் கொடுமை என்னவென்றால், ப்ராசஸர் தேய்ந்ததன் அடையாளமாகத் திரையில் வருவது 'வீடியோ மெமரி போதவில்லை' என்ற செய்தி. 16 ஜிபி மெமரி உள்ள கார்டிலும் அது வரும். அதைப் படிக்கும் எவரும் கார்டைத்தான் குற்றம் சொல்வார்கள். நல்ல கார்டை விற்றுவிட்டு வேறு கார்டு வாங்கியும் அதே செய்தியைப் பார்த்து நொந்துபோனவரை எனக்குத் தெரியும்.

செய்ய வேண்டியது: போர்டு கம்பெனி தரும் கடைசி பயாஸை ஏற்றுங்கள் (அதற்கு முன் ப்ளூ ஸ்கிரீன் தலைப்பின் கடைசியில் உள்ள எச்சரிக்கையைப் படியுங்கள்), பயாஸில் இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸைத் தேர்ந்தெடுங்கள். மைக்ரோகோடு இனி வரும் தேய்மானத்தைத்தான் தடுக்கும், ஏற்கெனவே தேய்ந்ததைச் சரிசெய்யாது. அப்டேட்டுக்குப் பிறகும் பிழை தொடர்ந்தால் ப்ராசஸரை வாரண்டியில் மாற்றுங்கள். பாக்ஸில் வாங்கியதா, பாக்ஸ் இல்லாமல் ட்ரேயில் வந்ததா என்று பில்லைப் பாருங்கள். ட்ரே என்றால் விற்ற கடை வழியாகத்தான் போக வேண்டும்.

## விளையாட்டின் நடுவே, ரெண்டரின் நடுவே திரை ஒரு நொடி கறுத்துத் திரும்புகிறது

விண்டோஸ் நடந்ததைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் என்று போய் அந்த நேரத்தைப் பாருங்கள். 4101 என்ற எண் இருந்தால், கார்டு 2 விநாடி பதில் சொல்லாததால் விண்டோஸ் டிரைவரைத் தட்டி எழுப்பியிருக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் அந்த 2 விநாடியைக் கூட்டிவைக்கும்படி சிலர் சொல்வார்கள். கனமான 3டி ரெண்டருக்கு அது பொருந்தலாம். விளையாடும்போது வரும் கறுப்புக்கு அது மருந்தல்ல, கோளாறு மறையும், போகாது.

நான் பார்க்கும் வரிசை இது. ஓவர்கிளாக், அண்டர்வோல்ட் என்று வேகத்தையும் வோல்ட்டேஜையும் மாற்றிவைத்த எல்லாவற்றையும் எடுத்துவிடுவேன். போன மாதம்வரை நன்றாக ஓடி, டிரைவர் அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கியது என்றால் ஒரு பதிப்பு பின்னால் போவேன். பிறகு கார்டுக்குப் போகும் பவர் கேபிள். ஒரே கேபிளில் இரட்டை வாலாக வரும் இரண்டு கனெக்டர்களையும் ஒரே கார்டில் சொருகியிருந்தால், எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து இரண்டு தனிக் கேபிள்கள் கொண்டுவருவேன். ஒரு 8 பின் கனெக்டரின் கணக்கு 150 வாட். புது 16 பின் கனெக்டர் என்றால் இடைவெளி தெரியாமல் முழுதாக உள்ளே போயிருக்க வேண்டும், முனையை ஒட்டி உடனே மடக்கக் கூடாது. அதில் கருகல் வாசனையோ பிளாஸ்டிக் உருகிய தடமோ தெரிந்தால் அந்தக் கணமே நிறுத்திவிட்டு வாரண்டிக்குப் போங்கள்.

அதற்கும் அடங்கவில்லை என்றால் ராம்.

கல்யாண வீடியோ எடிட் செய்யும் நண்பர் ஒருவர். முகூர்த்த மாதம், கையில் ஏழெட்டு ஆர்டர். டைம்லைனை ஓட்டினால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை திரை கறுக்கிறது. ஐந்து டிரைவர் மாற்றிவிட்டார், விண்டோஸை இரண்டு முறை போட்டுவிட்டார். பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றியதும் நான்கு ராம் சாக்கெட்டும் நிரம்பியிருந்தது கண்ணில் பட்டது. முதலில் இரண்டு வாங்கி, பிறகு வேலை கூடவே இன்னும் இரண்டு வாங்கிப் போட்டிருக்கிறார், எக்ஸ்போவில் 6000 வேகம். ரைசன் 7000இல் நான்கு டிடிஆர்5 ராம் போட்டால் ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம் 3600தான். இரண்டைக் கழற்றி வைத்துவிட்டு ரெண்டர் போட்டோம். விடியும்வரை ஒரு முறைகூட கறுக்கவில்லை. நான்கையும் கடையில் கொடுத்துவிட்டு 32 ஜிபியில் இரண்டாக மாற்றிக்கொண்டார்.

பிரௌசரில் வீடியோ பார்க்கும்போது மட்டும் கறுக்கிறது என்றால் பிரௌசர் செட்டிங்கில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை அணைத்துப் பாருங்கள்.

## எந்த எச்சரிக்கையும் இல்லாமல் சிஸ்டம் அணைந்து ரீஸ்டார்ட் ஆகிறது

ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று இருக்கும். அதைக் கூகுளில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லவில்லை.

யுபிஎஸ்ஸில் இருந்து கழற்றி நேராகச் சுவர் பிளக்கில் போடுங்கள். வீடுகளில் அதிகம் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் தருவது சுமார் 360 வாட். 200 வாட் கார்டு, ப்ராசஸர், மானிட்டர் எல்லாம் சேர்ந்தால் அந்த அளவை எட்டிவிடும். கரண்ட் போகும் நொடியில் மட்டும் அணைகிறது என்றாலும் காரணம் யுபிஎஸ்தான். நல்ல எஸ்எம்பிஎஸ்கள் சில, மலிவு யுபிஎஸ் தரும் கட்டைகட்டையான அலையை ஏற்காது. சைன் வேவ் யுபிஎஸ் வாங்கினால் தீரும்.

எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரைப் படியுங்கள். பெரிதாக 500 வாட் என்று இருக்கும். அதை விடுங்கள். அட்டவணையில் 12 வோல்ட் என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12ஆல் பெருக்குங்கள். 25 ஆம்பியர் என்றால் 300 வாட். ப்ராசஸரும் கார்டும் வாழ்வது இந்த 12 வோல்ட்டில்தான். கார்டு கம்பெனி 650 வாட் கேட்டிருக்க இது 300 தந்தால், கனமான காட்சி வந்ததும் அணையத்தான் செய்யும். லட்ச ரூபாய் சிஸ்டத்தில் எஸ்எம்பிஎஸ்ஸில் இரண்டாயிரம் மிச்சம் பிடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. அது போகும்போது தனியாகப் போவதில்லை.

சூட்டைப் பாருங்கள். சூட்டைக் காட்டும் எச்டபிள்யு இன்ஃபோ மென்பொருளைத் திறந்து வையுங்கள். விண்டோஸ் சும்மா இருக்கும்போதே ப்ராசஸர் 80 டிகிரியைத் தாண்டி, ஏதாவது திறந்ததும் 100ஐத் தொட்டால் கூலரைக் கழற்றுங்கள். அடிப்பக்கத்தில் ஒட்டி வரும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டியிருப்பார்கள். தாளுக்கும் தாமிரத்துக்கும் நடுவே பேஸ்ட் படவே இல்லை, தாளின் வெளிப்பக்கத்தில் ப்ராசஸரின் சதுரம் அச்சு வைத்தாற்போல இருக்கும்.

எங்கே நிறுத்த வேண்டும்: எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் உயிரை எடுக்கும் மின்சாரம் நிற்கும்.

## ப்ளூ ஸ்கிரீன்

ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர் வந்தால் ராமை நம்பாதீர்கள். எக்ஸ்எம்பியை அணைத்துப் பாருங்கள், ஒவ்வொரு ராமாகப் போட்டுப் பாருங்கள், மெம்டெஸ்ட்86ஐப் பென் டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். எக்ஸ்எம்பி இல்லாமலும் பிழை வந்தால் அந்த ராமை மாற்றுங்கள்.

எப்போதும் 'வீடியோ டிடிஆர் ஃபெய்லியர்' (VIDEO_TDR_FAILURE) என்றே வந்தால், மேலே திரை கறுத்துத் திரும்புவதற்குச் சொன்ன வரிசையையே பின்பற்றுங்கள். 'டபிள்யுஎச்இஏ அன்கரெக்டபிள் எரர்' பெரும்பாலும் ப்ராசஸரின் வோல்ட்டேஜ் பக்கம் கைகாட்டும். பயாஸில் மாற்றியதை எல்லாம் பழைய நிலைக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

பயாஸ் அப்டேட் செய்யும் முன் ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 11இல் டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கலாம், பல புது சிஸ்டங்களில் அது உங்களுக்குத் தெரியாமலே நடந்திருக்கும். அப்டேட் முடிந்ததும் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்டு நிற்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் அது இருக்கிறதா என்று முதலில் பார்த்து, நோட்டில் எழுதிக்கொண்ட பிறகு அப்டேட்டைத் தொடுங்கள். அந்தக் கீ இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் படங்களையும் ஃபைல்களையும் யாராலும் மீட்டுத் தர முடியாது.

## எல்லாம் ஓடுகிறது, வேகம்தான் இல்லை

இது கோளாறே இல்லாத கோளாறு, பெரும்பாலும் ஐந்து நிமிட வேலை. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி 60இல் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள், அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் மாற்றுங்கள். 3200 ராம் எக்ஸ்எம்பி போடாமல் 2133இல் ஓடிக்கொண்டிருக்கும். கார்டு முதல் நீள ஸ்லாட்டில் இல்லாமல் கீழ் ஸ்லாட்டில் இருக்கும். ரைசன் 7600 போன்றவற்றில் சின்னதாக உள்கிராஃபிக்ஸ் இருப்பதால், மானிட்டர் கேபிள் போர்டில் சொருகியிருந்தாலும் படம் வந்துவிடும், அதனால் யாரும் பின்பக்கம் போய்ப் பார்ப்பதில்லை. கார்டு இன்டெல் ஆர்க் என்றால் பயாஸில் ரீசைசபிள் பார் என்ற செட்டிங் ஆன் ஆகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும்.

## கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்கிறது, படமும் அடிக்கடி மினுக்குகிறது

டெஸ்டரைக் கேபினட்டின் திருகில் வைத்துப் பாருங்கள். எரிந்தால் உங்கள் பிளக்கில் எர்த் இல்லை. பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. இந்த நிலையில் டிவிக்கோ மானிட்டருக்கோ எச்டிஎம்ஐயை ஆன் செய்தபடியே சொருகினால் கார்டின் போர்ட் போய்விடலாம். இதைக் கம்ப்யூட்டர் கடைக்காரரால் சரிசெய்ய முடியாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அவர் வந்து எர்த்தைச் சரிசெய்யும்வரை சிஸ்டத்தை ஆன் செய்ய வேண்டாம்.

## சர்வீஸ் சென்டருக்குக் கொடுக்கும் முன்

கார்டு, போர்டு இரண்டின் சீரியல் நம்பர் ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பில்லையும் சேர்த்து. நோட்டில் எழுதியதைக் காட்டுங்கள். 'டிஸ்ப்ளே வரல' என்று மட்டும் சொன்னால் அங்கே ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்து 'நல்லாத்தான் இருக்கு' என்று திருப்பித் தந்துவிடுவார்கள். 'அரை மணி நேரம் லோடில் ஓடினால் கறுக்கிறது, வேறு எஸ்எம்பிஎஸ், வேறு ராம் போட்டும் பார்த்தாயிற்று' என்று எழுதிக் கொடுத்தால் அரை மணி நேரம் ஓட்டிப் பார்ப்பார்கள்.

போர்டைக் கொடுப்பதாக இருந்தால், முதல் நாள் ப்ராசஸர் மாட்டும்போது கழன்று விழுந்த அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் மூடியைத் தேடி எடுத்துச் சாக்கெட் மேல் மாட்டிக் கொடுங்கள். அது இல்லாமல் போனால் பல இடங்களில் போர்டை வாங்கவே மாட்டார்கள்.